வாரின் இரண்டு முனைகள்

14ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் பெரும் பிரபுக்களின் மான் வேட்டை, ஊதுகொம்பும் குதிரைப் பாய்ச்சலுமாகக் களைகட்டுவதற்குப் பல மணி நேரம் முன்பே, ஓர் ஆள், ஒரு நாய், ஒரு தோல்வார் என்று சத்தமில்லாமல் தொடங்கிவிடும். ஃபுவா நாட்டுப் பிரபுவான காஸ்தோன் ஃபெபுஸ் 1387க்கும் 1389க்கும் இடையில் எழுதிய வேட்டை நூல் அந்த வேலையை விரிவாகச் சொல்கிறது. விடியற்காலையில் வேட்டைக்காரர்கள் காட்டின் வெவ்வேறு பக்கங்களுக்குப் பிரிந்து போவார்கள். ஒவ்வொருவர் கையிலும் நீண்ட வாரில் ஒரே ஒரு மோப்ப நாய். லிமியே என்று அழைக்கப்பட்ட அந்த நாய் குரைக்கக் கூடாது. குரைத்தால் படுத்திருக்கும் மான் எழுந்து ஓடிவிடும். ஆகவே தான் அறிந்ததை அது வார் வழியாகத்தான் சொல்லியாக வேண்டும். தலை தாழ்கிறது, நடை சுருங்குகிறது, வார் மெல்ல விறைக்கிறது. ஆள் குனிந்து குளம்படித் தடத்தைப் பார்க்கிறான். அதன் அகலத்தையும் ஆழத்தையும் வைத்து மானின் பருவத்தைக் கணிக்கிறான். கிளை ஒன்றை ஒடித்து இடத்துக்கு அடையாளம் வைக்கிறான். மானின் புழுக்கையைப் பொறுக்கி ஊதுகொம்புக்குள் போட்டுப் புல்லால் வாயை அடைத்துக்கொள்கிறான். பிறகு எல்லோரும் காலை உணவுக்குக் கூடியிருக்கும் இடத்துக்கு வந்து அதைக் கொட்டிக் காட்டுவான். எந்த மானைத் துரத்துவது என்று பிரபு முடிவெடுப்பது அந்தப் புழுக்கையைப் பார்த்த பிறகுதான்.

இந்தக் காட்சியில் நாய் ஆளைக் கவனிப்பதைவிட ஆள் நாயைக் கவனிப்பதுதான் அதிகம். பட்டம் விடுகிறவன் நூலில் காற்றின் போக்கை அறிவதுபோல அவன் வாரில் மானின் இருப்பை அறிகிறான். இன்று நகரத் தெருக்களில் நாயை நடத்திக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, நாய் இழுக்கிறது, கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை என்பது. கடந்த நூறாண்டுகளில் அதற்குச் சொல்லப்பட்ட மருந்துகள் பலவும் வாரின் கீழ்முனையைப் பற்றியவை. எப்படிச் சுண்டுவது, எந்தக் கழுத்துப்பட்டையைப் போடுவது, எவ்வளவு இறுக்குவது. நாய்ப் பயிற்சியின் வரலாற்றை நிதானமாகப் புரட்டிப் பார்த்தால் விஷயம் மேல்முனையில் இருப்பது தெரிகிறது என்பது என் வாதம். வாரில் நடந்த நாய் எங்கெல்லாம் மனிதனைக் கவனித்ததோ, அங்கெல்லாம் மனிதன் அதற்கு முன்பே நாயைக் கவனிக்கத் தொடங்கியிருந்தான். மனிதனின் கவனம் குறைந்த இடங்களில், அந்தக் குறையை வலியைக் கொண்டு நிரப்பினார்கள்.

வார் மிகப் பழைய கருவி. சவூதி அரேபியாவின் வடமேற்கில் உள்ள ஷுவைமிஸ் என்ற இடத்தின் பாறைச் செதுக்கல்களில், வில்லை வளைத்து நிற்கும் வேட்டைக்காரன் ஒருவனைச் சுற்றி 13 நாய்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டின் கழுத்திலிருந்து அவன் இடுப்புக்குக் கோடு போகிறது. எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீடு நேரடியாக அளந்து பெற்றதல்ல. கோடு உண்மையான கயிறா, நாய்க்கும் ஆளுக்கும் உள்ள உறவைக் காட்டும் குறியா என்பதும் முடிவாகவில்லை. கயிறு என்றே கொண்டால், அதை இடுப்பில் கட்டியிருப்பது கவனிக்கத்தக்கது: இரண்டு கைகளும் வில்லுக்கு வேண்டும், சுண்டி இழுக்கக் கை மிச்சமில்லை. கிரேக்கத்துக்கு வந்தால் சான்று இன்னும் தெளிவு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வேட்டையைப் பற்றி எழுதிய செனபோன், கழுத்துப்பட்டை மென்மையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், முடி தேயக் கூடாது என்கிறார். வாரில் கைக்கு ஒரு வளையம் போதும், வாரையே சுருக்கிக் கழுத்துப்பட்டையாக்கக் கூடாது, அப்படிச் செய்தால் நாயைச் சரியாக நடத்த முடியாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். இறுகும் சுருக்கு வேண்டாம் என்பதற்கு இவ்வளவு பழைய சான்று இருக்கிறது. அவருக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்குப் பின் அதே பொருளில் எழுதிய அர்ரியன், வேட்டை நாயைத் தடவிக் கொடுத்து, அதன் பெயரைச் சொல்லிப் பாராட்ட வேண்டும் என்கிறார்; பெயர் சொல்லிப் பாராட்டினால் நாய் மகிழ்கிறது என்பது அவர் கண்டறிந்தது.

இதைப் படிக்கும் ஒருவர், பழங்காலத்துக்குப் பொன்முலாம் பூசுகிறாய் என்று சொல்லலாம். நியாயமான மறுப்பு. இடைக்கால வேட்டை நாய்களின் வாழ்க்கை மென்மையானதாக இருக்கவில்லை. தவறான விலங்கின் பின்னால் ஓடும் நாயை அதட்டி அடித்துத் திருத்துவது அந்த உலகில் இயல்பு. கூட்டமாக ஓடும் நாய்கள் இரண்டிரண்டாகப் பிணைக்கப்பட்டுத்தான் காட்டுக்கு வந்தன. என் வாதம் அந்தக் காலத்தவர் கருணை மிக்கவர்கள் என்பதன் மேல் நிற்கவில்லை. அவர்களுக்கு நாயின் மூக்கு தேவைப்பட்டது. அந்த மூக்கு சொல்வதைக் கேட்காமல் வேலை நடக்காது. தேவை கவனத்தை வளர்த்தது. ஃபெபுஸின் நூல், நாய்க்கொட்டிலில் வேலைக்குச் சேரும் சிறுவன் ஒவ்வொரு நாயின் பெயரையும் நிறத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும், இரவில் நாய்களோடு கொட்டிலிலேயே படுக்க வேண்டும் என்கிறது. அந்த நூலுக்கு 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் வரையப்பட்ட வண்ணச் சித்திரங்களில், வேலையாட்கள் நாயின் வாயைத் திறந்து பார்க்கிறார்கள், பாதத்தைக் கையில் ஏந்திக் கழுவுகிறார்கள், உடம்பைச் சீவிவிடுகிறார்கள். வாரைக் கையில் எடுப்பதற்கு முன் பல ஆண்டுகள் நாயைப் பார்த்துப் பழகிய கை அது.

நகரம் வளர்ந்தபோது இந்தத் தேவை இல்லாமல் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய நகரங்களில் நாய்க்கு மோப்பம் பிடிக்கும் வேலை இல்லை. அதன் மூக்கு சொல்லும் செய்தியால் யாருக்கும் பயனும் இல்லை. நகர நிர்வாகத்துக்கு நாயைப் பற்றி இருந்த பெரிய கவலை வெறிநாய்க்கடி. பிரிட்டனில் 1871ஆம் ஆண்டின் நாய்ச் சட்டம் தெருவில் திரியும் ஆபத்தான நாய்களைப் பிடிக்கக் காவலர்களுக்கு அதிகாரம் தந்தது. பாஸ்தர் 1885இல் தடுப்பூசியைக் கண்டுபிடித்த பிறகும் நாய்களைக் கட்டுப்படுத்தும் ஆணைகள் தொடர்ந்தன. 1890களின் பிற்பகுதியில் வேளாண் வாரியத் தலைவராக இருந்த வால்டர் லாங், நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயம் என்ற ஆணையை விடாப்பிடியாக அமல்படுத்தினார். நாய்ப் பிரியர்கள் கொதித்தார்கள். 1891இல் தொடங்கப்பட்ட நாய்கள் பாதுகாப்புச் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. ஆனால் 1902இல் வெறிநாய்க்கடி பிரிட்டனை விட்டு ஒழிந்தது. இன்றும் அந்த நோய்க்கு மனிதரைப் பலிகொடுக்கும் நாட்டில் இருந்துகொண்டு அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அதோடு கூடவே நடந்த இன்னொரு மாற்றத்தைத்தான் இங்கே குறிக்கிறேன். வார் என்பது இந்த நாய்க்கு உடைமையாளர் இருக்கிறார், இது யாரையும் கடிக்காது என்று ஊருக்குக் காட்டும் அத்தாட்சி ஆயிற்று. அதைப் பிடித்திருக்கும் ஆள் நாயைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நாய் தப்பி ஓடாமல் இருந்தால் போதும். பிற்காலத்துப் பூங்கா விதிகளும் வீதி விதிகளும் இதே எண்ணத்தில்தான் எழுதப்பட்டன: வாரின் நீளத்தைச் சொல்லும், வாரில் நடப்பது எப்படி என்பதைச் சொல்லாது.

இந்தச் சூழலில்தான் நாய்ப் பயிற்சி தனித் துறையாக உருவானது. உருவான இடம் காவல்துறை. ஜெர்மனியின் ஜார்ப்ரூக்கன் நகரக் காவல்துறையில் 1906இல் நாய்களைப் பழக்கத் தொடங்கிய கொன்ராட் மோஸ்ட், 1910இல் தம் பயிற்சி நூலை வெளியிட்டார். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படைக்கு நாய்களைத் தயார் செய்யும் பொறுப்பும் அவரிடம் வந்தது. முள் பதித்த கழுத்துப்பட்டை, பிரம்பு, சுண்டி இழுத்தல் எல்லாம் அவர் முறையில் உண்டு. அதற்காக அவரைக் கொடியவர் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் சரியாகாது. நாய்க்கு மனிதனைப் போல் நல்லது கெட்டது தெரியாது, அது குற்ற உணர்வால் தலைகுனிவதில்லை, ஒரு செயலுக்கும் அதன் விளைவுக்கும் நடுவே நேரம் கடந்துவிட்டால் நாய் இரண்டையும் இணைத்துப் பார்க்காது என்பதை அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். உளவியல் துறை இதைச் சோதனைச்சாலையில் நிறுவும் முன்பே ஒரு காவல் அதிகாரி களத்தில் கண்டுகொண்டார். நாயை இமைகொட்டாமல் பார்த்தவரால்தான் இதைக் கண்டுகொண்டிருக்க முடியும். பின்னால் வந்தவர்களில் பலர் அவருடைய முள்பட்டையை எடுத்துக்கொண்டார்கள், பார்வையை விட்டுவிட்டார்கள். படைக்கு ஆயிரக்கணக்கில் நாய்களும், நாயை அதுவரை தொட்டே பார்த்திராத ஆயிரக்கணக்கான ஆட்களும் தேவைப்பட்டபோது இப்படி நடந்ததில் வியப்பில்லை. முள்பட்டையைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்; பார்வையை அப்படி விநியோகிக்க முடியாது.

மோஸ்டின் நூல் வந்த அதே ஆண்டுகளில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாவ்லவ் வேறொரு சிக்கலில் மாட்டியிருந்தார். மணியோசைக்கும் உணவுக்கும் நாய் போடும் முடிச்சைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்த முடிச்சு எவ்வளவு எளிதில் அவிழ்ந்தது என்பதுதான் நம் பொருளுக்கு வேண்டியது. வாசலில் காலடிச் சத்தம், ஒரு கதவின் அசைவு, ஒரு புது வாசனை போதும், நாய் கற்றதெல்லாம் அந்த நொடியில் நின்றுபோகும். காது நிமிரும், தலை திரும்பும், மூக்கு வேலை செய்யும். அது என்ன என்று கேட்கும் அனிச்சை என்று பாவ்லவ் இதற்குப் பெயர் வைத்தார். அவர் தம் விரிவுரையில் ஒன்றைச் சொல்கிறார்: உதவியாளர் ஒருவர் நாய்க்குப் புதிய பழக்கத்தை வெற்றிகரமாக ஏற்படுத்திவிட்டுப் பார்க்க வரும்படி அவரை அழைப்பார், அவர் அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் கெட்டுப்போகும். நாய் அவரைப் பார்க்கும், முகரும், சோதனை தோற்றுவிடும். அந்தப் புதுச் செய்தி அவரேதான். கடைசியில், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், நாய்களுக்கென்றே தனிக் கட்டடம் எழுப்பத் தொடங்கினார்கள். சுற்றிலும் தெரு அதிர்வு உள்ளே வராதபடி அகழி. சோதனை அறைகளுக்கிடையே ஒலி கடக்காத அமைப்பு. நாய் ஓர் அறையில், ஆய்வாளர் இன்னோர் அறையில். மௌனக் கோபுரம் என்று அதை அழைத்தார்கள். உலகமே மதித்த உடலியல் அறிஞர் ஒருவருக்கு ஒரு நாயின் கவனத்தைத் தக்கவைக்க அகழி வெட்ட வேண்டியிருந்தது. தெருவில் வாரோடு போகும் நாய் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அதைத் திமிர் என்றும் பிடிவாதம் என்றும் பேசுகிறவர்கள் இந்தக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். தெருநாயின் குரைப்பும் கசாப்புக்கடை வாசனையும் ஸ்கூட்டர் சத்தமும் ஒரே நேரத்தில் வரும் இடத்தில், அந்த அனிச்சை வேலை செய்வது நாய் ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

காவல் நாய்ப் பயிற்சி வீட்டு நாய்க்கு வந்து சேர்ந்த கதை அமெரிக்காவுடையது. ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்பவர் பூடில் நாய்கள் வளர்த்தார். பூடில் என்றால் முடியலங்காரப் பொம்மை என்று கேலி பேசியவர்களுக்கு அதன் அறிவைக் காட்ட விரும்பி, 1933 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். கலந்துகொண்டவை 8 நாய்கள். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த பிளான்ச் சாண்டர்ஸ் இந்த முயற்சியின் முதுகெலும்பானார். 1936இல் அமெரிக்கன் கென்னல் கிளப் போட்டியை அங்கீகரித்தது. 1937இல் இருவரும் பூடில்களை ஏற்றிக்கொண்டு ஓர் இழுவை வண்டியோடு 10,000 மைல் சுற்றி ஊர் ஊராகச் செய்துகாட்டினார்கள். ஆளின் இடப்பக்கம், முழங்காலை ஒட்டி, ஆள் திரும்பினால் திரும்பி, நின்றால் உட்கார்ந்து நடப்பது இந்தப் போட்டிகளின் முதல் பாடம். வார் தொய்வாக இருக்க வேண்டும் என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. வாரை இறுக்கிப் பிடித்து நடத்தினால் மதிப்பெண் போகும். கருவியே இல்லாததுபோல் அதைப் பிடிக்க வேண்டும் என்று விளையாட்டு விதி வற்புறுத்தியது. ஆனால் அந்தத் தொய்வுக்கு வந்து சேரச் சொல்லித்தந்த வழி பெரும்பாலும் சுண்டுவதும் உடனே பாராட்டுவதுமாக இருந்தது.

அந்த வழியை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோனவர் வில்லியம் கேலர். இரண்டாம் உலகப் போரில் படை நாய்களைப் பழக்கியவர், பிறகு டிஸ்னி படங்களுக்கு விலங்குகளைத் தயார் செய்தவர். 1962இல் வெளிவந்த அவருடைய நூல் பெரும் எண்ணிக்கையில் விற்றது. அதன் முதல் வாரப் பாடத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் ஒரே குறி கவனம். நாயின் கழுத்தில் 15 அடி நீளக் கயிறு. ஆள் ஓர் இலக்கைக் குறித்துக்கொண்டு அதை நோக்கி நேராக நடப்பார். நாயிடம் பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது, அதைப் பார்க்கவும் கூடாது. நாய் வந்தால் வந்தது; வராவிட்டால் கயிறு தீரும் இடத்தில் கழுத்தில் வெட்டென்று விழும். சில நாள் கழித்து வேண்டுமென்றே ஆசை காட்டுவார்கள்: திறந்த கேட், உணவு, இன்னொரு நாய். நாய் அதை நோக்கிப் பாய்ந்த கணம் ஆள் எதிர்த்திசையில் ஓடுவார். எச்சரிக்கை எதுவும் இல்லாததால், ஆள் எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை அறிய நாய்க்கு ஒரே வழி அவரை விடாமல் பார்ப்பது. சில நாட்களில் கயிறு தொய்ந்துவிடும். நாயின் கண் ஆளைவிட்டு நகராது. தோண்டும் நாயைத் திருத்த, அது தோண்டிய குழியில் நீர் நிரப்பி அதன் முகத்தை அமுக்கச் சொன்ன நூலும் இதுவேதான் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

கேலரின் முறை என் வாதத்துக்கு நேரெதிரான சான்று என்று ஒருவர் சொல்லலாம். ஆள் நாயைப் பார்க்கவே இல்லை, ஆனாலும் நாய் கவனிக்கிறது; வேலை நடக்கிறதே. நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை மறுப்பவர்கள் பல்லாயிரம் நாய் வளர்த்தவர்களின் அனுபவத்தை மறுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து சுமக்க வேண்டிய கவனத்தை முழுவதுமாக நாயின் தலையில் ஏற்றிவைத்தால் நாய் சுமக்கும், ஏனென்றால் சுமக்காவிட்டால் வலிக்கும். அதற்கு என்ன விலை என்பதுதான் கேள்வி. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், தண்டனை அதிகம் பயன்படுத்தும் பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சிக்குப் பிறகு மன அழுத்த ஹார்மோன் கூடுதலாக இருந்தது. உணவுக் கிண்ணம் காலியா நிறைந்ததா என்று நிச்சயமில்லாத நிலையில், அது காலியாகத்தான் இருக்கும் என்பதுபோல் அந்த நாய்கள் தயங்கி நடந்தன. கழுத்தின் மேல் வரும் அழுத்தத்தைப் பற்றி 26 நாய்களிடம் நடந்த 2006ஆம் ஆண்டு ஆய்வொன்று, கழுத்துப்பட்டையோடு இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் உயர்வதையும், மார்புப்பட்டையோடு இழுக்கும்போது அப்படி உயராததையும் காட்டியது. போர்ச்சுகல் ஆய்வில் எந்தப் பள்ளி என்பதை உரிமையாளர்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள். சிக்கலான நாய்கள் கடுமையான பள்ளிக்குப் போயிருக்கலாம் என்ற ஐயம் முறையானது. அந்த ஐயத்துக்கு ஓரளவு பதில் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வில் இருக்கிறது. கூப்பிட்டால் வராத, கால்நடைகளைத் துரத்தும் 63 நாய்களை அவர்கள் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். மின்னதிர்வுப் பட்டை போட்ட நாய்கள், பரிசு மட்டும் தந்து பழக்கியவற்றைவிட மேலாகத் தேறவில்லை. அது வாரில் நடப்பதைப் பற்றிய சோதனை அல்ல. ஆனால் கட்டுக்கடங்காத நாய்க்கு வலியைத் தவிர வழியில்லை என்ற வாதத்தின் அடியை அது பெயர்த்துவிடுகிறது.

கேலரின் முறைக்கு வலிமையான எதிர்ச்சான்று இன்னொன்று, மோஸ்டின் அதே ஜெர்மானிய மரபிலிருந்தே வந்தது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஓல்டன்பர்கில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் நாய் வளர்த்துவந்த அமெரிக்கரான டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ், ஜெர்மனியில் அத்தகைய பள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு 1927 நவம்பரில் ஓர் அமெரிக்க வார இதழில் எழுதினார். அதைக் கேள்விப்பட்டுக் கடிதம் எழுதிய பார்வையற்ற இளைஞர் மோரிஸ் ஃபிராங்க், பட்டி என்ற நாயோடு 1928இல் நியூயார்க் திரும்பி, செய்தியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க வெஸ்ட் ஸ்ட்ரீட்டின் நெரிசலைக் கடந்தார். வழிகாட்டி நாயின் முதுகில் இருப்பது தொய்யும் வார் அல்ல, விறைப்பான கைப்பிடி. நாய் சீராக முன்னே இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் படி, பள்ளம், வண்டி எல்லாம் ஆளின் கைக்குத் தெரிகின்றன. ஆள் போ என்று சொல்லியும் வண்டி வந்தால் நாய் நிற்க வேண்டும். வேறு எந்த நாயிடம் குற்றமாகக் கருதப்படுகிறதோ, அந்த இழுப்பே இங்கே மொழியாகிவிடுகிறது. நகரத் தெருவில், கார்களுக்கு நடுவே, லிமியேயின் வேலை திரும்பவும் நடந்தது. ஆளின் கை முழுக் கவனத்தோடு கேட்டதால்தான் அது நடந்தது.

பரிசு முறை பின்னால் வந்தது, அதன் வருகை பலர் நினைப்பதைவிட மெதுவானது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1951இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பதைப் பற்றி எழுதியபோது, கையில் அழுத்தினால் கிளிக் என்று ஒலிக்கும் விளையாட்டுச் சாமானைப் பரிந்துரைத்தார். முதலில் கிளிக், உடனே தின்ன ஒரு துணுக்கு; பிறகு நாய் வேண்டியதைச் செய்த அந்த நொடியைக் கிளிக்கால் சுட்டிக்காட்டலாம். அவரிடம் பயின்ற கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதி 1940களிலேயே இதைத் தொழிலாக்கி, நாய்களுக்கும் முயன்றார்கள். அன்றைய நாய்ப் பயிற்சி உலகம் காதுகொடுக்கவில்லை. இந்த முறை வேரூன்றிய இடம் கடல். 1963 முதல் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர், 1984இல் எழுதிய நூலின் வழியே அதை நாய் வளர்ப்போரிடம் கொண்டுவந்தார். டால்ஃபினுக்கு வார் கட்ட முடியாது, சுண்ட முடியாது. பிடிக்காவிட்டால் அது குளத்தின் மறுகோடிக்கு நீந்திப் போய்விடும். வார் இல்லாத இடத்தில்தான் வாரை எப்படிப் பிடிப்பது என்பதை மனிதர்கள் மறுபடியும் கற்றார்கள். நாய் தானாகத் திரும்பி முகத்தைப் பார்க்கும் அந்த அரை நொடியைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும் என்பதே இம்முறையின் முதல் விதி. அதற்கு ஆள் நாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். இது லஞ்சம், தின்பண்டம் இல்லாத நாள் நாய் திரும்பாது என்பது பழக்கப்பட்ட மறுப்பு. பண்டத்தை முன்னால் ஆட்டி நாயை இழுத்துப் போகிறவரைப் பற்றி அது உண்மை. செயல் முடிந்த பிறகு கொடுப்பதும், பிறகு சில முறை கொடுத்துச் சில முறை விடுவதும் வேறு. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகச் செய்யும் பழக்கம் எளிதில் அழியாது என்பதை ஸ்கின்னரின் ஆய்வுகளே காட்டின. அதோடு, சுண்டி இழுப்பதை நம்பியவர்களும் சுண்டாத நாளில் நாய் எப்படி நடக்கும் என்ற அதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் கனமானது. கொட்டிலில் படுத்த சிறுவனுக்கு நாய்தான் முழுநேர வேலை. ஃபிளாட்டில் வாழ்ந்து அலுவலகம் போகிறவருக்குக் காலையில் அரைமணி நேரம் கிடைத்தால் அதிகம். அவ்வளவு கவனத்துக்கு அவர் எங்கே போவார்? இந்த மறுப்பில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பதில், அந்த அரைமணி எதற்குச் செலவாகிறது என்பதில் இருக்கிறது. வேகமாக நடந்து சுற்றை முடிப்பதும், நாய் நின்று முகரும் ஒவ்வொரு மின்கம்பத்திலிருந்தும் அதை இழுத்துக்கொண்டு போவதும், அதற்குள் போனில் இரண்டு வேலையை முடிப்பதும் என்று அந்த நேரம் போய்விடுகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு 20 வளர்ப்பு நாய்களை இரண்டு குழுவாக்கி, ஒன்றுக்கு இரண்டு வாரம் மோப்பம் பிடிக்கும் விளையாட்டும், மற்றொன்றுக்கு ஆளின் முழங்காலை ஒட்டி நடக்கும் பயிற்சியும் கொடுத்தது. இரண்டிலும் பரிசு உண்டு. ஆனாலும் மோப்பம் பிடித்த நாய்கள்தான், நிச்சயமில்லாத கிண்ணத்தை நோக்கி முன்னைவிட ஆவலோடு போயின. நடைக் குழுவில் அப்படி மாற்றம் இல்லை. இன்றைய நல்ல பயிற்சியாளர்கள் பாடத்தை வீட்டுக்குள், கதவைச் சாத்திய அறையில் தொடங்குகிறார்கள். பிறகு மாடிப்படி, பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் வாசல், அதற்கும் பின்னால்தான் கடைத்தெரு. பாவ்லவின் கோபுரத்தைக் காசில்லாமல் கட்டிக்கொள்ளும் வழி அது. வார் விறைத்தால் ஆள் நிற்கிறார், தொய்ந்தால் நடக்கிறார். நாய் திரும்பிப் பார்த்ததும் பல சமயம் அவர் தரும் பரிசு தின்பண்டமே அல்ல. போய் முகர்ந்துகொள் என்ற அனுமதி. முகரும் நாய்க்குப் பின்னால், வார் நிலத்தில் புரளாத அளவுக்கு மட்டும் தூக்கிப் பிடித்தபடி, அதன் காதையும் வாலையும் பார்த்துக்கொண்டு அவர் காத்திருக்கிறார்.